சந்தையும் சட்டமும்: வாட்ஸ்லாவ் கிளௌஸின் அரசியல் வாழ்க்கை

வாணிகம் தழைத்தற்குச் சுதந்திரம் வேண்டும். அச்சுதந்திரம் நிலைத்தற்குச் சட்டம் வேண்டும். இவ்விரண்டனுள் எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினா பொருளாதார நூல் பயில்வார் அனைவர்க்கும் எதிர்ப்படுவதாகும். ஏட்டளவில் நில்லாது, ஒரு நாட்டின் நடைமுறையிலேயே இவ்வினாவிற்கு விடை காண முயன்றவருள் ஒருவர், செக் நாட்டு அரசியலாளர் வாட்ஸ்லாவ் கிளௌஸ். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

இளமையும் கல்வியும்

கிளௌஸ் 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் பிராக் நகரிற் பிறந்தார். அந்நகரத்துப் பொருளாதாரக் கலாசாலையில் வெளிநாட்டு வாணிகத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, 1963இல் தேர்ச்சியுற்றார். பின்னர் இத்தாலி தேசத்திலும், அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையிலும் சில காலம் பயிலும் வாய்ப்பைப் பெற்றார். அந்நாளிற் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆலையும் வங்கியும் கடையும் பொதுவுடைமை அரசாங்கத்தின் கையிலேயே இருந்தன. பண்டங்களின் விலையையும் அதிகாரிகளே விதித்தனர். 1968இற் சோவியத் ரஷ்யாவின் தலைமையில் அயல்நாட்டுச் சேனைகள் உட்புகுந்த பின்னர், சீர்திருத்தக் கருத்துடையோர் பலர் பதவியிழந்தனர். கிளௌஸும் 1970இல் தம் ஆராய்ச்சி நிலையத்தை விட்டு நீங்கினார். அதன்பின் பல்லாண்டுகள் அரசாங்க வங்கியில் ஊழியராய்க் கழிந்தன. விலையை விதிக்க வேண்டியது அதிகாரியின் கையெழுத்தன்று, வாங்குவோரும் விற்போருமே என்னும் துணிபு அவ்வாண்டுகளில் அவர் உள்ளத்தில் வேரூன்றியது போலும்.

சீட்டுப் புத்தகம்

1989 நவம்பரில் மக்கள் கிளர்ச்சியாற் பழைய ஆட்சி வீழ்ந்தது. டிசம்பரிற் கிளௌஸ் நிதி மந்திரியானார். 1991 ஜனவரி முதல் நாள் பெரும்பாலான விலைகள் கட்டுப்பாட்டினின்று விடுவிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அவர் குடிமக்கள் ஜனநாயகக் கட்சியை நிறுவி, 1992இற் செக் பகுதியின் பிரதம மந்திரியானார். ஸ்லோவாக்கியத் தலைவர் மெச்சியாருடன் அவர் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1993 ஜனவரி முதல் நாள் ஒரு நாடு இரு நாடாயிற்று. ஒரு துளி இரத்தமும் சிந்திற்றில்லை.

அவர் செய்த சீர்திருத்தங்களுள் தலையாயது, அரசாங்க ஆலைகளை மக்களுக்குப் பங்கிட்டமை. வயது வந்த குடிமகன் எவனும் 1,035 கொரூனா, அஃதாவது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி, செலுத்தி ஒரு சீட்டுப் புத்தகம் பெறலாம். அதிலுள்ள 1,000 புள்ளிகளைக் கொண்டு தான் விரும்பிய ஆலைகளின் பங்குகளைக் கேட்டுப் பெறலாம். 1992இல் நிகழ்ந்த முதற் சுற்றில் ஏறக்குறைய 85 இலட்சம் மக்கள் கலந்துகொண்டனர். உலகம் வியந்தது.

ஆயினும், எந்த ஆலை தேறும், எது தேறாது என்று தையற்காரரும் ஆசிரியரும் எங்ஙனம் அறிவர்? பெரும்பாலோர் தம் புள்ளிகளை முதலீட்டு நிறுவனங்களிடம் ஒப்புவித்தனர். அவற்றுட் பல பெரிய வங்கிகளுக்கு உரியவை; அவ்வங்கிகளிலோ அரசாங்கமே பெரும் பங்காளி. ஆகவே முன்வாயிலால் வெளியேறிய அரசாங்கம் பின்வாயிலில் நின்றது என்னலாம். பிராக் நகரிற் பங்குச் சந்தை 1993 ஏப்ரலில் வணிகம் தொடங்கிற்று. அதனை மேற்பார்க்கும் ஆணையமோ 1998இற்றான் தோன்றிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில், நிர்வாகஞ் செய்வோர் சிலர் தம் பொறுப்பிலிருந்த நிறுவனங்களின் சொத்தைக் களவாக வெளியேற்றினர். சிறு பங்காளிகளுக்கு எஞ்சியது வெறுங்காகிதமே. இக்கொடுமையைச் செக் மக்கள் ‘சுரங்கம் வெட்டுதல்’ என்னும் பொருள்பட வழங்கினர்.

இதனாற் கிளௌஸின் பணி முழுதும் பிழையென்று கூறுதல் நீதியன்று. கடைகளிற் பண்டங்கள் நிறைந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் குறைவாகவே இருந்தது. 1995 டிசம்பரில், பொதுவுடைமை ஆட்சியினின்று விடுபட்ட நாடுகளுள் முதலாவதாகச் செக் நாடு பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனத்தில் இடம் பெற்றது. ஆனால் 1997 மே மாதத்தில் நாணய நெருக்கடி வந்தது. கட்சி பெற்ற நன்கொடைகளைப் பற்றிய ஐயங்களும் எழவே, நவம்பர் இறுதியில் அவர் பதவி துறந்தார்.

ஐரோப்பிய மேடை

ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர வேண்டுமென்று 1996 ஜனவரியில் விண்ணப்பித்தது கிளௌஸின் அரசாங்கமே. 2003இற் குடியரசுத் தலைவரான அவர், அவ்வாண்டு ஏப்ரலில் ஏதென்ஸ் நகரிற் சேர்க்கை உடன்படிக்கையில் கையொப்பமும் இட்டார். எனினும் ஜூன் மாதத்து மக்கள் வாக்கெடுப்பிற் சேர்க்கைக்கு வாக்களிக்குமாறு மக்களை அவர் வேண்டவில்லை. வாக்களித்தோருள் நூற்றுக்கு 77 பேர் இசைந்தனர். 2004 மே முதல் நாள் நாடு ஒன்றியத்திற் சேர்ந்தது.

தடையற்ற பொதுச் சந்தையை அவர் விரும்பினார். பொது ஆட்சியை விரும்பவில்லை. 2009 பிப்ரவரி 19ஆம் நாள் ஐரோப்பியப் பார்லிமெண்டிற் பேசிய அவர், குடிமக்களுக்கும் அவர்தம் பிரதிநிதிகளுக்கும் உள்ள தொலைவு பெருகுகின்றதென்றும், மாற்றுக் கருத்திற்கு அங்கு இடமில்லை யென்றும் எச்சரித்தார். அது கேட்ட அங்கத்தினர் சிலர் எழுந்து வெளியேறினர். ஒன்றியத்தின் அதிகாரங்களைத் திருத்தியமைத்த லிஸ்பன் உடன்படிக்கையில் 27 நாடுகளுள் இறுதியாகக் கையொப்பமிட்டவர் கிளௌஸே. தம் நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையில்லை என்று தீர்ப்பளித்த 2009 நவம்பர் 3ஆம் நாளன்றே, மனமின்றி ஒப்பமிட்டார். அவர் ஆட்சிக்காலத்திற் பிராக் கோட்டையில் ஒன்றியத்தின் கொடி ஏற்றப்படவில்லை. 2013 மார்ச்சில் அவர் நீங்க, அடுத்து வந்த ஸெமான் ஏப்ரலிலேயே அதனை ஏற்றினார்.

நாம் அறியத்தக்கது

கிளௌஸ் எழுப்பிய வினாவை இகழ்தல் தகாது. தொலைவிலிருந்து விதிக்கப்படும் சட்டத்திற்கு விடை கூற வேண்டியவர் யார் என்பது, அத்தகைய ஆட்சியிலேயே வளர்ந்த ஒருவர் கேட்கத்தக்க கேள்வியே. ஆயினும் அவர் நாட்டின் அநுபவம் மற்றொன்றையும் காட்டுகின்றது. ஒரு நாட்டுச் சந்தைக்கே காவல் பிந்தியதனாற் சிறு பங்காளிகள் கைப்பொருளை இழந்தனரெனின், 27 நாடுகளின் பொதுச் சந்தை பொதுக் காவலின்றி எங்ஙனம் நேர்மையாய் நடைபெறும்?

ஆதலின், நாளை வணிகத்திலும் ஆட்சியிலும் புகவிருக்கும் மாணவ நண்பர்காள், இரண்டையும் ஒருங்கே கேட்கப் பழகுமின்: சந்தையைக் காப்பவர் யார்? காப்பவரைக் கேட்பவர் யார்? முதல் வினாவை மறந்தாற் பங்காளி இழப்பான்; இரண்டாவதை மறந்தாற் குடிமகன் இழப்பான். அவ்விருவரும் ஒருவரேயன்றோ!