வண்டியில் எழுதியிருக்கிறது

மார்டள்ளி கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். ஆனால் ஊரில் பேசுவது தமிழ். கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகுதான் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் அமைத்தார்கள். மார்டள்ளி இன்று அந்த மாவட்டத்தில், ஹனூர் வட்டத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் ஹனூர், கொள்ளேகால். மறு பக்கம் மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர். எந்தச் சந்தைக்குப் போனாலும் ஏற்றம், இறக்கம், வளைவு உண்டு. மக்காச்சோளமும் மஞ்சளும் இந்த வழியில்தான் போகின்றன. முன்பு மாட்டு வண்டி, பிறகு லாரி. இப்போது சிறு விவசாயிக்குக் கை கொடுப்பது பிக்கப் வண்டி.

பொலேரோ பிக்கப், ஓசூரில் 2011 முதல் தயாரான தோஸ்த், 2005-இல் வந்த குட்டி யானை என்று பல வண்டிகள் உண்டு. கடன் வாங்கி வண்டி எடுத்தவர் தானே ஓட்டுகிறார். தானே துடைக்கிறார். சின்ன வேலைகளைத் தானே பார்க்கிறார்.

அவருக்கு ஒரு சங்கடம். பேச்சு தமிழ். சாலைப் பலகை கன்னடம். வண்டிப் புத்தகம் ஆங்கிலம். எதைப் படிப்பது?

எண்களைப் படிக்கலாம். 1, 2, 3 எல்லா மொழிக்கும் ஒன்றுதான். வண்டி தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை எண்களாகவே தன் மேல் எழுதி வைத்திருக்கிறது.

எடை

முதலில் ஆர்.சி. அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, காலி வண்டியின் எடை. மற்றொன்று, பாரத்தோடு இருக்கக்கூடிய மொத்த எடை.

ஒரு வண்டியின் மொத்த எடை 3,000 கிலோ, காலி எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,300 கிலோ. 50 கிலோ மூட்டை என்றால் 26 மூட்டை ஏற்றலாம் என்று தோன்றும். அது சரியல்ல. காலி எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேரவில்லை. இருவரும் 140 கிலோ இருந்தால் மீதி 1,160 கிலோதான். 23 மூட்டைதான் ஏற்றலாம்.

களத்தில் நடப்பது வேறு.

"அண்ணே, இன்னும் பத்து மூட்டைதான் இருக்கு. இதுக்குன்னு இன்னொரு நடை எதுக்கு?"

"வண்டி இழுக்கும் தம்பி. இறங்கும்போது நிக்கணுமே!"

வண்டிக்காரர் சொன்ன பதிலில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சினுக்குத் தெம்பு இருக்கலாம். பிரேக்குக்கு இருக்க வேண்டுமே! வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. அதிக பாரமும் இறக்கமும் சேர்ந்தால் பிரேக் சூடேறிக்கொண்டே போகும்.

சிலர் பின்புறப் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கிறார்கள். வண்டி தாழாமல் நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிரேக் பழைய பிரேக்தான். டயர் பழைய டயர்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு அருகே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். வண்டியின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அதைக் கொண்டு பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தை அந்த வால்வு அளந்து விடும். கூடுதல் பட்டை போட்டால் வண்டி தாழாது. பாரம் இல்லை என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வண்டி நிறைய மூட்டை இருக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் உண்டு. 2019-இல் திருத்திய சட்டப்படி 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பத்து மூட்டைக்குக் கிடைக்கும் வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயர்

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. 15 என்பது சக்கர வட்டின் அளவு, அங்குலத்தில். புது டயர் வாங்கும்போது இந்த எண்கள் ஒத்துப் போக வேண்டும்.

இன்னும் தேடினால் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரியும். 2322 என்று இருந்தால், 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய டயரைப் புதிது என்று சொல்லி விற்க வந்தால் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சிறு மேடுகள் இருக்கின்றன. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதற்கு மேல் அந்த டயரை ஓட்டக்கூடாது. மழையில் வழுக்கும்.

காற்று எத்தனை பவுண்டு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். முன் சக்கரத்துக்கு ஒரு அளவு, பின் சக்கரத்துக்கு ஒரு அளவு. காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

பிரேக் எண்ணெய்

பிரேக் எண்ணெய்க் குப்பியில் இரண்டு கோடுகள் உள்ளன. எண்ணெய் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பிரேக் தேய்ந்துவிட்டது. ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது தவறு. காரணத்தைத் தேட வேண்டும். மூடியில் 3 அல்லது 4 என்ற எண் இருக்கும். அதே எண் எழுதிய எண்ணெயைத்தான் வாங்க வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் உப்பிப் பிரேக் கெட்டுவிடும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். மலையில் இறங்கும்போது கொதித்துக் குமிழி வந்தால், பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடக்கூடாது.

ஆயில் கம்பியைப் பார்ப்பதும், ரேடியேட்டர் தண்ணீர் பார்ப்பதும் எல்லோரும் செய்வதுதான். ஒன்று மட்டும்: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இறக்கம்

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். இது பழைய லாரிக்காரர்களின் பாடம். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பெரிய ஆபத்து. எஞ்சினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக்குக்கு எஞ்சின் கொடுக்கும் உதவி போய்விடும். பெடல் கல் போல ஆகிவிடும்.

பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட வேண்டும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஆற விடுங்கள். சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழி விட வேண்டும். அது சட்டம்.

பின்னால் ஆட்கள்

மூட்டைக்கு அளவு பார்ப்பவர்கூட, ஆட்களை ஏற்றும்போது பார்ப்பதில்லை. கல்யாணம், கோயில், கூலி வேலை என்றால் பிக்கப்பின் பின்புறம் நிறைந்துவிடுகிறது.

2024 மே 20 அன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் கவர்தா பக்கம் பழங்குடி மக்கள் காட்டில் பீடி இலை பறித்துவிட்டு ஒரு பிக்கப்பில் திரும்பினார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டது. 19 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள். அதுவும் மலைப் பாதைதான். அதுவும் இதைப் போன்ற வண்டிதான்.

ஏற்றிய பொருளின் சொந்தக்காரர் வண்டியில் வந்தால் அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. சட்டத்தில் 1994-இல் இதைச் சேர்த்தார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர் போன வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணம் வண்டிக்காரர் தலையில் விழும். "ஏறிக்கிறேன் மாமா" என்று கேட்பவர் சொந்தக்காரராக இருப்பார். மறுப்பது கஷ்டம்தான். மறுக்கத்தான் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வண்டியில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், செய்த வேலை. இவ்வளவு எழுதினால் போதும். டேங்க்கை நிரப்புங்கள். அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 390 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால், லிட்டருக்கு 13. அடுத்த மாதம் 11 ஆகிவிட்டதா? காற்று குறைவாக இருக்கலாம். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். எஃப்.சி. முடியும் தேதியையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு பிக்கப்பின் மொத்த எடை 2,950 கிலோ. காலி எடை 1,650 கிலோ. ஓட்டுநரும் மக்காச்சோளத்தின் சொந்தக்காரரும் சேர்ந்து 150 கிலோ. ஒரு மூட்டை 60 கிலோ. எத்தனை மூட்டை ஏற்றலாம்? களத்தில் 28 மூட்டை இருக்கிறது. எத்தனை நடை போக வேண்டும்?