விந்து விரைந்து வெளியேறுதல்: மூத்த ஆண்கள் அறிய வேண்டியவை

இது என்ன பிரச்சினை?

உடலுறவின்போது நீங்கள் விரும்புவதற்கு முன்பே விந்து வெளியேறிவிடுகிறது. அதைத் தள்ளிப்போட முடியவில்லை. அதனால் உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ வருத்தம் ஏற்படுகிறது. எப்போதாவது ஒருமுறை இப்படி நேர்ந்தால் கவலை வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் இப்படியே நடந்து, சில மாதங்களாக நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

சிலருக்கு இளவயதிலிருந்தே, ஏறக்குறைய 1 நிமிடத்திற்குள், விந்து வெளியேறிவிடும். வேறு சிலருக்கோ பல ஆண்டுகள் நன்றாக இருந்து, 50 அல்லது 60 வயதுக்குப் பிறகு இந்த மாற்றம் புதிதாக வரும். அப்படிப் புதிதாக வந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் கண்டுபிடித்துக் குணப்படுத்தக்கூடிய ஒரு காரணம் இருக்கலாம்.

காரணங்கள் என்ன?

• விறைப்புக் குறைபாடு. விறைப்பு தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுவதால் விந்து விரைவில் வெளியேறலாம். மூத்த வயதில் இது அடிக்கடி காணப்படும் காரணம்.
• தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது.
• புரோஸ்டேட் சுரப்பியில் வீக்கம். சிறுநீர் கழிக்கும்போது வலியோ எரிச்சலோ இருக்கலாம்.
• மனக்கவலை, மனச்சோர்வு, குடும்பத்தில் மனக்கசப்பு.

விந்து வெளியேறுவதால் உடல் பலவீனமாகும், நரம்புத் தளர்ச்சி வரும் என்று சிலர் நம்புகிறார்கள். இது உண்மையன்று.

இதயத்தையும் கவனியுங்கள்

ஆண்குறிக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள், இதயத்தின் இரத்தக் குழாய்களைவிடச் சிறியவை. ஆகவே குழாய்களில் அடைப்பு உருவாகத் தொடங்கினால், நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே விறைப்பு குறையலாம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்புச்சத்து, புகைபிடித்தல் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். கூச்சத்தால் இதை மறைக்கும் ஒருவர், இதய நோயைத் தடுக்கும் வாய்ப்பையும் இழக்கக்கூடும்.

தெருவில் விற்கும் மாத்திரைகள் வேண்டாம்

2008ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரை, சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் நீரிழிவு இல்லாத 150 பேர், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். அவர்களில் பெரும்பாலானோரின் இரத்தத்தில் கிளைபென்கிளமைட் என்னும் நீரிழிவு மருந்து இருந்தது. ஆண்மையைக் கூட்டும் என்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் அது கலந்திருந்தது. நால்வர் இறந்துபோனார்கள்.

தெருவோரத்திலும் இணையத்திலும் விற்கப்படும் மாத்திரை, லேகியம், "மூலிகை" காபி போன்றவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. நண்பரின் மாத்திரையையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் விறைப்புக்கான மாத்திரையைச் சேர்த்து உட்கொண்டால், இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன சிகிச்சை உண்டு?

• நிறுத்தித் தொடங்கும் முறை: விந்து வரப்போகிறது என்று உணர்ந்ததும் அசைவை நிறுத்துங்கள். அந்த உணர்வு தணிந்ததும் மீண்டும் தொடங்குங்கள். சில முறை இப்படிச் செய்தபின் விந்தை வெளியேற விடுங்கள்.
• இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, 5 விநாடிகள் வைத்திருந்து தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்யுங்கள். பலன் தெரிய 3 மாதங்கள்வரை ஆகலாம்.
• மருந்து: உணர்வைக் குறைக்கும் களிம்பு அல்லது விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். விறைப்புக் குறைபாடோ தைராய்டு கோளாறோ இருந்தால், முதலில் அதற்குச் சிகிச்சை தரப்படும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ, "டாக்டர், தாம்பத்திய விஷயமாக ஒன்று கேட்க வேண்டும்" என்று சொன்னால் போதும். மற்றதை அவரே கேட்பார். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். ஆண் மருத்துவர் வேண்டுமென்றும் கேட்கலாம். மகனோ மகளோ உடன் வந்திருந்தால், சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, விறைப்பு எப்படி இருக்கிறது என்பதைக் கூறுங்கள். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். வேறெங்காவது வாங்கிய மாத்திரை இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

மனைவியிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். கணவர் விலகியே இருந்தால், தம்மீது அன்பு குறைந்துவிட்டதோ என்று அவர் எண்ணக்கூடும்.

உடனே உதவி தேவைப்படும் நேரம்

உடலுறவின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் அல்லது மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 995 எண்ணை அழையுங்கள். விறைப்புக்கான மாத்திரை சாப்பிட்டிருந்தால், மருத்துவ உதவியாளரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்கள் உயிரைக் காக்கும்.