பெருங்குடற் புற்றுநோயும் குடல்வாழ் நுண்ணுயிரிகளும்

பெருங்குடற் புற்றுநோய் என உறுதியான பின்னர், உறவினர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கிருமியாலதான் இது வருதுன்னு சொல்றாங்களே, எங்களுக்கும் ஒட்டிக்குங்களா?" கேட்க வாய் வராமல், பெரியவருக்கு வட்டிலையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிடும் வீடுகளும் உண்டு. விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம்: ஒட்டாது. உடனமர்ந்து உண்பதாலோ, பணிவிடை செய்வதாலோ இந்நோய் பிறருக்குப் பரவாது. ஆயினும், கிருமி என்ற பேச்சு முற்றிலும் பொய்யுமன்று.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குழந்தைப் பருவம் தொட்டே வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. 2012ஆம் ஆண்டில் கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்வு நடத்திய இரு குழுவினர், பெருங்குடற் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா மிகுந்திருப்பதைக் கண்டனர். அதன் இயல்பான உறைவிடம் வாய். ஈறு நோயில் பெருகுவது. கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் அது உடன் சென்றிருப்பது 2017இல் தெரியவந்தது. எனினும், கட்டியினுள் காணப்படுவதாலேயே அதுதான் கட்டியைத் தோற்றுவித்தது எனக் கூறிவிட இயலாது. முன்பே தோன்றிய கட்டியில் குடிபுகுந்து, அதன் வளர்ச்சிக்குத் துணைநிற்பதாகவும் இருக்கலாம்.

ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் செய்தி இன்னும் கூர்மையானது. அதன் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரந்து, குடற்சுவர் உயிரணுக்களின் டி.என்.ஏ.வையே சிதைக்கின்றன. அச்சிதைவு விட்டுச் செல்லும் தனித்தடத்தை 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். 2025இல் வெளிவந்த ஆய்வொன்றில் 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகள் ஆராயப்பட்டன. 70 வயதைக் கடந்து நோயுற்றோரைக் காட்டிலும், 40 வயதுக்குள் நோயுற்றோரிடம் இத்தடம் மும்மடங்குக்கும் மேல் மிகுந்திருந்தது. ஆகவே, மலத்தில் இரத்தம் கண்டவுடன் "சின்ன வயசு, சூட்டு மூலமாத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு செய்துகொண்டு, மாதக்கணக்கில் கைமருந்து உண்பது ஆபத்தானது. மூலமா, கட்டியா என்பதை மருத்துவரின் சோதனையும், தேவைப்படின் கொலோனோஸ்கோப்பியுமே தெளிவாக்கும்.

இனி நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கு வருவோம். சிறுகுடலில் செரிக்காத நாரும் மாவும் பெருங்குடலை அடையும்போது, அவை அதனை நொதிக்கச் செய்து ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் சுவருக்கு முதன்மையான எரிபொருள் அதுவே. இதனை மருத்துவத்துக்குப் பயன்படுத்திக் காட்டியது நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்பு சர்க்கரைக் கரைசலில் எளிதிற் செரிக்காத மாவைச் சேர்த்தபோது வயிற்றுப்போக்கு குறைந்து விரைவில் நின்றதை, 2000ஆம் ஆண்டில் அங்குள்ள மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் வெளியிட்டனர். குடல் பாக்டீரியாக்கள் ஆக்கிய அமிலங்கள் நீரையும் உப்பையும் உறிஞ்சப் பெருங்குடலுக்குத் துணைநின்றன என்பதே அதன் விளக்கம்.

அது காலராவைப் பற்றியது. புற்றுநோயின் பக்கம் 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் இருபதின்மரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் இருபதின்மரும் இரு வாரங்களுக்குத் தத்தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்து கொழுப்புக் குறைந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில் ப்யூட்டிரேட் ஆக்கம் பெருகி, அழற்சி தணிந்தது. கிராமத்தவரிடம் நேர்மாறாயிற்று. இரண்டே வாரங்களில்! கம்பஞ்சோறும் சோளச்சோறும் கொள்ளுப்பருப்பும் நம் பாட்டிமார் உலையில் வெந்தவையே. அவை நோய்க்கு மருந்தல்ல; குடலுக்கு உகந்த உணவு.

ஆனால், இதைப் படித்துவிட்டு அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு கொள்ளும் கீரையும் ஊட்டத் தொடங்கிவிட வேண்டா. குடல் குறுகியிருப்போருக்கும், குடலை வெட்டித் தைத்த தொடக்க வாரங்களில் இருப்போருக்கும் நார் குறைந்த உணவே தேவைப்படலாம். எப்போது கூட்டுவது என்பதை அறுவைச் சிகிச்சை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ சொல்வார். பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கித் தருவதும் கூடாது. எலிகளில் கட்டியின் வளர்ச்சியை ஒரு மருந்து குறைத்தது உண்மையே, மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை. கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறைந்திருப்போர், கடையில் விற்கும் புரோபயாடிக் பொடிகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியா, அரிதாயினும், இரத்தத்தில் கலந்து காய்ச்சலை உண்டாக்கக்கூடும்.