சும்மா கிடைக்குமா மின்சாரம்?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சோதனைக் கட்டுரை)

மின்சாரம் இல்லாமல் ஒரு பொழுதையேனும் கழிப்பது இன்று அரிதாகிவிட்டது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. அந்த வெளிச்சத்துக்காக எங்கோ ஒன்று பாடுபட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. டைனமோ பொருத்திய சைக்கிளை இரவில் ஓட்டியவர்களுக்கோ இவ்வுண்மை காலாலேயே தெரியும். டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்தவுடன் மிதிப்பது கனக்கிறது. ஏன்? உராய்வு மட்டும்தான் காரணமா? இதை அறிய நாங்கள் நான்கு பேர், எங்கள் அறிவியல் ஆசிரியையான சகோதரியின் மேற்பார்வையில், அதிகச் செலவில்லாத சில சோதனைகளைச் செய்து பார்த்தோம்.

முதல் சோதனை: பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றின்மேல் எனாமல் பூசிய தாமிரக் கம்பியை 300 சுற்றுச் சுற்றினோம். முனைகளைச் சுரண்டி ஆய்வுக்கூடத்துக் கால்வனாமீட்டரில் இணைத்தோம். காந்தத்தை உள்ளே நுழைத்தபோது முள் ஒரு பக்கம் அசைந்தது. வெளியே இழுத்தபோது மறுபக்கம் அசைந்தது. காந்தம் சும்மா இருந்தபோது முள்ளும் சும்மா இருந்தது. அசைவு இருந்தால்தான் மின்னோட்டம்! கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர், இத்தத்துவத்தைக் கொண்டு 1836-இல் தூண்டுசுருளை உருவாக்கினார் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இரண்டாம் சோதனை: ஒரு மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்தோம். செம்பில் காந்தம் ஒட்டாது. அதை முதலிலேயே தொட்டுக் காட்டிவிட்டோம். குழாய்க்குள் இரும்புத் துண்டைப் போட்டால் அரை விநாடிக்குள் கீழே விழுந்தது. அதே அளவுள்ள நியோடிமியம் காந்தத்தைப் போட்டால், கீழே வந்து சேர 3 விநாடிக்கு மேல் ஆயிற்று! மேலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், யாரோ உள்ளே கையில் ஏந்திக்கொண்டு இறக்குவதுபோல் இருக்கிறது என்றார்கள்.

காரணம் என்ன? 1834-இல் லென்ஸ் என்னும் அறிஞர் இதற்கு விதி கூறினார். தூண்டப்படும் மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த அசைவை எப்போதும் எதிர்க்கும். காந்தம் நெருங்கினால் அதைத் தள்ளும். விலகினால் பிடித்து இழுக்கும். வருகிறவரை வராதே என்றும், போகிறவரைப் போகாதே என்றும் தடுக்கும் விந்தைக் காவல்காரன் அது! எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன ஆகும்? காந்தத்தை ஒருமுறை லேசாகத் தள்ளினால் போதும், அது தானாகவே மேலும் மேலும் விரைந்து, அளவில்லாத ஆற்றலை ஒன்றுமில்லாமையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும். இயற்கை அதற்கு இடம் தருவதில்லை.

மூன்றாம் சோதனை: பல்சக்கரங்கள் கொண்ட சிறு மோட்டாரின் அச்சில் நூல்கண்டுக் கட்டையைப் பொருத்தி, நூலில் 250 கிராம் எடைக்கல்லைக் கட்டி மேசையிலிருந்து இறங்க விட்டோம். மோட்டாரை இவ்வாறு வெளியிலிருந்து சுழற்றினால் அதுவே ஜெனரேட்டர் ஆகிவிடும். மும்முறை அளந்து சராசரி எடுத்தோம்.

கம்பிகள் தனித்தனியே இருந்தபோது: சுமார் 1 விநாடி.
டார்ச் பல்பை இணைத்தபோது: இரண்டரை விநாடி, பல்பும் மங்கலாக எரிந்தது.
கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கியபோது: 5 விநாடி.

மூன்று முறையும் உராய்வு ஒன்றுதான், பல்சக்கரமும் ஒன்றுதான். மாறியது மின்னோட்டம் மட்டுமே. ஆகவே, கல் தயங்கித் தயங்கி இறங்கியதற்குக் காரணம் மின்னோட்டம் என்று தெளிந்தோம். அந்தத் தயக்கமே பல்பின் வெளிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை. ஜூல் என்னும் அறிஞர் 1843-இல் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளைச் சுழற்றி, அதில் பிறந்த வெப்பத்தையும் செலவான உழைப்பையும் அளந்து, இரண்டும் ஒரு விகிதத்தில் அமைவதை மெய்ப்பித்தார்.

இவை வெறும் பாடப் புத்தகச் செய்திகள் அல்ல. எங்கள் தோழி ஒருத்தியின் பெரியப்பா, கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டுக் காத்திருப்பவர். ஒருமுறை சுற்றிவிட்டால் எரிபொருள் இல்லாமலே ஓடும் ஜெனரேட்டர் என்று கூறி, ஒருவர் அவரிடம் முன்பணம் கேட்டாராம். பிள்ளைகள் என்ன சொல்கிறீர்கள் என்று அவர் எங்களைக் கேட்டார். நாங்கள் இரண்டு பொம்மை மோட்டார்களின் அச்சுகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்து, ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குப் போகும்படி செய்தோம். பம்பரம்போல் நூல் சுற்றி இழுத்துவிட்டோம். கம்பிகளை எப்படி மாற்றி இணைத்தாலும் சில விநாடிகளில் அது நின்றுபோயிற்று. பெரியப்பா சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "என் பணம் பிழைத்ததம்மா" என்றார்.

இந்த எதிர்ப்பு நமக்குப் பகையும் அன்று. மெட்ரோ ரயிலை நிறுத்தும்போது அதன் மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கின்றன. அப்போது பிறக்கும் மின்சாரம் மீண்டும் பயன்படுகிறது. அளவறிந்து பயன்படுத்தினால் தடையும் துணையாகும்.

தோழியரே, இச்சோதனைகளை நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் வீட்டு மின்சாரத்தோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். வலிமையான காந்தங்களைத் தம்பி தங்கையருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாம் ஒரு விளக்கை ஏற்றும்போது, எங்கோ ஓர் அணையிலோ அனல்மின் நிலையத்திலோ சுழலும் பொறிக்கு அணுவளவு பாரம் கூடுகிறது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பவள், அந்தப் பாரத்தில் சிறிதை இறக்கி வைக்கிறாள்.