பளிச்சென்று தெரிந்தால் போதுமா?

நில அதிர்வுப் படத்தில் கடலடி மணற்படுகை ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வாயு இருக்கிறது என்று முடிவு கட்டலாமா? துறைக்குப் புதிதாக வருபவர்களின் முதல் கேள்வி இது. பெரும்பாலும் கட்டலாம். எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

மணலின் நுண்துளைகளில் சில விழுக்காடு வாயு புகுந்தாலே ஒலியலையின் வேகம் சட்டென்று சரிந்துவிடும். பிறகு வாயு எழுபது விழுக்காடு ஆனாலும் வேகம் பெரிதாக மாறாது. மூடியிருந்த களிமண் வழியே வாயு கசிந்து, மிச்சம் மீதி மட்டும் தங்கிய படுகையும் நிறைந்த படுகையும் படத்தில் ஒன்றுபோலவே பளிச்சிடும். செறிவுக்கேற்பச் சீராகக் குறைவது அடர்த்தி. தொலைவில் உள்ள ஏற்பிகளின் பதிவில் அதைத் தேடலாம். இரைச்சல் மிகுந்த தரவில் நம்பாதீர்கள். செலவுக்கு வழியிருந்தால் மின்தடை அளவீட்டையும் சேருங்கள். வாயு நிறைந்த மணலில்தான் மின்தடை தெளிவாக ஏறும்.

பளிச்சிடும் பரப்பின் விளிம்பு ஆழச் சமக்கோட்டை ஒட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். இந்தச் செலவில்லாத சோதனையைப் பலர் தவிர்ப்பது ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஒட்டிச் சென்றால் வாயுவுக்கும் நீருக்கும் இடையே எல்லை இருக்க வாய்ப்பு அதிகம்.

நெதர்லாந்தின் வடகடல் பகுதியைப் படித்துப் பாருங்கள். எரிடானோஸ் என்ற பழைய ஆறு கொட்டிய டெல்டா வண்டலில், உப்பு மேடுகளுக்கு மேலே வளைந்த அடுக்குகளில் மீத்தேன் தேங்கியிருக்கிறது. இளகிய மணல் கிணற்றுக்குள் சரிந்து வரும் என்ற அச்சத்தால் அதை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மணல் தடுப்புத் திரைகளோடு ஏ12 களத்தில் 2007இல் உற்பத்தி தொடங்கியது.

கணக்கிடும்போது அழுத்தத்தை மறக்காதீர்கள். 500 மீட்டர் ஆழத்தில் ஒரு கனமீட்டர் வாயு மேலே வந்தால் ஏறத்தாழ 50 கனமீட்டராக விரியும். 3,000 மீட்டரில் இருந்தால் 200ஐத் தாண்டும். ஆழமற்ற களம் லாபம் தர, பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். களிமண் இழைகள் கலந்த மணலில் கிணற்று அளவீடு வாயுச் செறிவைக் குறைத்துக் காட்டும்; மண் மாதிரி எடுக்காமல் களத்தைக் கைவிடாதீர்கள்.

இலக்கு எதுவானாலும், துளையிடும் இடத்துக்கு மேலுள்ள சிறு பளிச்சிடல்களையும் குறித்து வையுங்கள். நார்வே கடலில் 1985இல் வெஸ்ட் வேன்கார்டு மேடை ஆழமற்ற வாயுவில் மாட்டி வெடித்து, ஓர் உயிர் போனது. மேல்மண்ணில் அழுத்தம் தாங்கும் வலு இல்லாததால் அங்கே கிணற்றை மூடி அடக்குவது ஆபத்து. துளைக்கும் புள்ளியை நகர்த்த முடியுமானால் நகர்த்துங்கள்.