ரசிகர் கூட்டமும் ஆட்ட நியாயமும்

கேள்வி: ஜப்பான் பேஸ்பாலில் யோமியூரி ஜயன்ட்ஸ் போல ஓர் அணிக்கு மட்டும் இவ்வளவு செல்வாக்கு இருந்தால் போட்டி நியாயமாக இருக்குமா?

பதில்: செல்வாக்கு விதியை வளைக்காத வரை இருக்கும். ஜயன்ட்ஸ் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஜப்பான் சீரிஸை வென்றது உண்மை. ஆனால் ரசிகர் கூட்டமே கோப்பையைத் தந்துவிடுமென்றால், கோஷியென் மைதானத்தை நிரப்பும் ஹன்ஷின் டைகர்ஸ் 1985-க்குப் பிறகு 2023 வரை, 38 ஆண்டுகள் ஏன் காத்திருந்தது? என்னை உறுத்துவது வேறு. 1978-இல் வீரர்களைப் பங்கிடும் டிராஃப்டுக்கு முந்தைய நாள், விதியிலிருந்த ஒருநாள் இடைவெளியில் புகுந்து பந்துவீச்சாளர் எகாவாவை ஜயன்ட்ஸ் ஒப்பந்தம் செய்தது. லீக் அதை ஏற்கவில்லை. டிராஃப்டில் ஹன்ஷின் அவரை எடுத்தது. ஆனாலும் கடைசியில் தன் வீரர் கோபயாஷியைக் கொடுத்து ஜயன்ட்ஸ் அவரைப் பெற்றுக்கொண்டது. சிறிய அணி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

பெரிய அணியால்தானே மற்றவர்களுக்கும் வருமானம் என்பார்கள். ஜயன்ட்ஸுடனான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை சென்ட்ரல் லீக் அணிகளுக்கு நெடுங்காலம் சோறு போட்டது, மறுக்கவில்லை. அந்தச் சார்புதான் ஜயன்ட்ஸைத் தட்டிக்கேட்க அவர்களை விடவில்லை என்பது என் கணிப்பு. பசிபிக் லீகின் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடமும் பணம் உண்டு. ஆனால் செங்கா, காய் போன்றோரைப் பயிற்சி வீரர்களாக எடுத்து, பொறுமையாக வளர்த்தது. 2019, 2020 ஜப்பான் சீரிஸ் இரண்டிலும் ஜயன்ட்ஸை 4-0 என வீழ்த்தியது அந்த அணிதான்.