அப்பாவின் தொகுதி

அன்புள்ள கயல்,

"எம்.எல்.ஏ. இறந்துட்டா அவங்க வீட்லயே யாருக்காவது சீட்டு குடுக்கறாங்களே, அது சரியா பெரியம்மா?" என்று கேட்டாய். நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இடைத்தேர்தலைச் சொல்கிறேன், கேள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபாரஸ்ட் என்றொரு தொகுதி. சிவந்த, கனத்த ஜாரா மரங்களை வெட்டி அறுக்கும் மில்கள் நிறைந்த பகுதி. அதன் உறுப்பினர் ஜான் ஹோல்மன், மரத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரும்கூட. 1925 பிப்ரவரியில் அவர் காலமானார். ஓர் இடம் நடுவில் காலியானால், மீதிக் காலத்துக்கு அந்தத் தொகுதிக்கு மட்டும் ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் இடைத்தேர்தல். ஏப்ரலில் தேர்வானவர் அவர் மகள் மே ஹோல்மன், வயது 31.

அந்த மாநிலத்தில் 1899-லேயே பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். சபையில் உட்காரும் உரிமை கிடைத்தது 1920-ல்தான். 1921-ல் வென்ற எடித் கோவன் என்ற பெண்மணி 1924-ல் தோற்றுவிட்டார். ஆகவே மே உள்ளே போனபோது அங்கே அவர் ஒருவரே பெண். ஆஸ்திரேலியா முழுவதிலும் தொழிற்கட்சியின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான்.

இதில் அப்பாவின் பெயருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மே அந்தச் சங்க அலுவலகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர். மில்லில் கட்டையைத் தள்ளும் கைக்கும் சுழலும் வட்ட ரம்பத்துக்கும் நடுவே சாண் இடைவெளிதான். ஒரு கணம் அசந்தால் விரல் போய்விடும். அப்படிப் பிழைத்தவர்களின் குறைகளை அறிந்தவர் அவர். சபையிலும் அதைத்தான் பேசினார். மறுவருடமே, 1926-ல், மரத்தொழிலாளரின் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. மில்களையும் வெட்டுக்காடுகளையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க அது வழி செய்தது.

அடுத்தடுத்த பொதுத்தேர்தல்களிலும் தொகுதி அவரையே அனுப்பியது. 1939 மார்ச்சில் கார் விபத்தில் அடிபட்டு இறக்கும்வரை, 14 ஆண்டுகள். அதன்பின் வந்தவர் அவர் தம்பி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே காட்டில் உழைத்த வேறு எத்தனையோ பேருக்கு அந்த வாசல் இவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது. உன் கேள்வியின் நியாயம் அங்கே இருக்கிறது.

ஆகவே கயல், வாரிசு ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தால் இரண்டைப் பார். சீட்டு கிடைப்பதற்கு முன்பு அந்த ஊருக்காக அவர் என்ன செய்தார்? ஜெயித்த மறுவருடம் சபையில் யாருக்காகப் பேசினார்? முதல் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு ஓட்டுப் போடு. இரண்டாவதை மறந்துவிடாதே, அடுத்த தேர்தலுக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா